வலது பக்கத்து நட்டு

கண்ணு,

உன் லெட்டர் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். ரெண்டு பேரும்னு எழுதியிருக்கேன், கவனிச்சியா? ஏன்னா பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட, உங்க நைனாவுக்கு உடம்பு சரியில்லை, படுத்த படுக்கையா இருக்காரு, புனே வரைக்கும் ரயில்ல வர முடியாதுன்னு சொல்லி வச்சிருக்கிறதா எழுதியிருக்கே. அடப்பாவி! காலையில அஞ்சு மணிக்கு எழுந்து, அடி பம்புல நாலு குடம் தண்ணி அடிச்சுக் கொண்டாந்து வச்சுட்டு, சைக்கிளை மிதிச்சுக்கிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போற மனுஷனைக் கொண்டுபோய்ப் படுக்கையில போட்டுட்டியே, எப்படிடா மனசு வந்துச்சு உனக்கு? "நீ மட்டும் வாம்மா. அவர் வர வேண்டாம். மேடையில உன் பக்கத்துல மாமாவை நிக்கச் சொல்லிக்கலாம்"னு மூணே வரியில முடிச்சுட்டே. அவர்னு எழுதியிருக்கே. நைனான்னு எழுதக்கூட உனக்குக் கை வரலை.

கல்யாணம் பண்ணிக்கப் போற பிள்ளைக்கு அம்மா நாலு புத்தி சொல்லி எழுதுறது எல்லா ஊட்லயும் நடக்கிறதுதான். எனக்கு அந்த யோக்கியதை இருக்கான்னு இதைப் படிச்சு முடிச்சுட்டு நீயே சொல்லு. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ, பேசுற மாதிரிதான் எழுத வரும். கடைசி வரைக்கும் படி. நடுவுல கோபம் வந்தா வெளியில போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்து மீதியைப் படி. கிழிச்சு மட்டும் போட்டுடாதே. இதை எழுதவே எனக்கு ஆறு வருஷம் ஆயிருக்கு. ஆறு வருஷமா நீ உங்க நைனாகிட்ட ஒரு வார்த்தை பேசலை. எந்த விஷயத்துக்காகப் பேசாம இருக்கியோ, அதுல பாதிதான் உனக்குத் தெரியும். மீதி பாதி என்கிட்ட இருக்கு.

டாக்டரம்மா காரைப் பத்திதான் சொல்றேன். அந்தப் பேச்சை எடுத்தாலே உனக்கு முகம் சுருங்கிடும்னு தெரியும், இருந்தாலும் ஆரம்பத்துல இருந்து சொன்னாதான் விளங்கும். அப்ப நாம பூந்தமல்லியில இருந்தோம். ட்ரங்க் ரோட்டு ஓரத்துல தகர ஷெட்டு, அதுதான் உங்க நைனாவோட மெக்கானிக் கடை, ஷெட்டுக்குப் பின்னாடியே நம்ம ஊடு. நான் தினமும் பஸ் புடிச்சு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போவேன். லாரிக்கும் வேனுக்கும் ஷாக் அப்சார்பர் செய்யுற சின்னக் கம்பெனி. பன்னெண்டு பொம்பளைங்க ஒரே மேஜையில உட்கார்ந்து சீல் போடுவோம், எண்ணெய் அளந்து ஊத்துவோம், மூடி போட்டு அடைப்போம். அதுக்கப்புறம் ராடைப் புடிச்சு ஒரு இழுப்பு, ஒரு அமுக்கு. எது ஒழுகும், எது நிக்கும்னு என் கை சொல்லிடும். ஃபோர்மேன் மெஷின்ல வச்சுப் பார்த்துட்டு, "யம்மா, நீ சொன்னதேதான்"ம்பாரு. எனக்கு அதுல ரொம்பத் திமிரு. நீயும்தான் பார்த்திருக்கியே, பஸ்ஸுல போகும்போதே "இந்த வண்டிக்குப் பின்னாடி இடது பக்கம் ஷாக் போயிடுச்சு"ன்னு கண்டக்டர்கிட்ட சொல்லுவேன். நீ வெட்கப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவே.

டாக்டரம்மாவைப் பத்தி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆவடியில அவங்க வச்சிருந்த ஆஸ்பத்திரியிலதான் நீ பொறந்தே. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்துதான் அவங்ககிட்ட இங்கிலீஷ் கத்துக்கிட்டே. பாலிடெக்னிக்ல சேர உனக்கு மனு எழுதிக் குடுத்ததும் அவங்கதான். அவங்களோட அண்ணன் சீமையில இருந்து கப்பல்ல கொண்டாந்த கார் அது. ரெண்டே கதவு, செக்கச்செவேல்னு, தரையோட தரையா இருக்கும். ரேஸ் ஓட்டுறதுக்குன்னே வாங்கினாராம். அவர் திரும்பச் சீமைக்கே போனப்ப தங்கச்சிக்கு விட்டுட்டுப் போயிட்டாரு. புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு அந்த அம்மா அதுல ஏறி உட்கார்ந்து கிளம்பினா ஆவடி மார்க்கெட்டே வேடிக்கை பார்க்கும். நல்லாத்தான் ஓடிச்சு, பத்து வருஷம். அதுக்கப்புறம் முன் சக்கரத்து ஸ்ட்ரட் ரெண்டும் போச்சு. ஸ்ட்ரட்னா, உனக்கு வரப்போறவளும் இதைப் படிச்சாலும் படிப்பா, அதனால சொல்றேன்: முன் சக்கரத்துக்கு மேல ஒண்ணொண்ணா நிக்கிற குழாய். உள்ள எண்ணெய், வெளிய ஸ்பிரிங்கு. வண்டி பள்ளத்துல விழுந்தா குதிக்காம புடிச்சு நிறுத்துறது அதுதான்.

ஒரிஜினல் கிடைக்கலை. அந்தக் காலத்துல வெளிநாட்டுச் சாமான் வரவழைக்கிறது லேசுப்பட்ட காரியமா? பம்பாயில யாரோ செஞ்ச டூப்ளிகேட்டைத் தருவிச்சு எங்கயோ மாட்டிக்கிட்டு வந்தாங்க. கல்லு! ஒரு நாள் என்னை எஸ்டேட் வாசல்ல இறக்கி விடுறேன்னு ஏத்திக்கிட்டாங்க. திருவேற்காடு தாண்டுறதுக்குள்ள மூணு தடவை என் கொண்டை மேல போய் இடிச்சு அவிழ்ந்தே போச்சு. "இன்னா டாக்டரம்மா, இது காரா, கட்டை வண்டியா?"ன்னு கேட்டேன். அவங்க சிரிச்சுட்டு, "ரெண்டு மாசமா என் முதுகு அதைத்தான் கேக்குது"ன்னாங்க. அப்புறம் அந்த பம்பாய்ச் சரக்கு ஒழுகவும் ஆரம்பிச்சுது. அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது உங்க நைனாகிட்ட சொன்னேன்: "அதை நான் செய்யுறேன். நீ மாட்டு." அவரு சோத்துல கை வச்சபடியே என்னைப் பார்த்தாரு. "லாரிக்குப் பண்றவ சீமைக் காருக்குப் பண்ணுவியா? இன்னாமே, விளையாடுறியா?"ன்னாரு. நான் விளையாடலை.

ஃபோர்மேனைக் கெஞ்சிக் கூத்தாடி, பம்பாய் ஸ்ட்ரட் ஒண்ணை அறுத்துப் பார்த்து, ராடை லேத்துல கடைஞ்சு வாங்கி, பின் தெருவுல ஒரு பட்டறையில குரோம் பூசி, சீலை மட்டும் நாலு தரம் மாத்தி மாத்திப் போட்டு, ஒன்றரை மாசம் ஆச்சு. எண்ணெய் எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. நான்தான் கொஞ்சம் ஊத்தி, அமுக்கிப் பார்த்து, கொஞ்சம் எடுத்து, திரும்ப அமுக்கிப் பார்த்து, என் கைக்குச் சரின்னு பட்ட இடத்துல நிறுத்தினேன். அதுக்கு இடையில உங்க நைனா ஸ்பிரிங்கை அமுக்கிப் புடிக்கிறதுக்குன்னு நீள போல்ட்டுல கொக்கி வச்சு ஒரு கருவி செஞ்சாரு. அந்த ஸ்பிரிங்கு நழுவினா தாடை பேந்துடும். நான் அந்தப் பக்கம், அவரு இந்தப் பக்கம், ஆளுக்கு ஒரு சுத்து, மாத்தி மாத்தி இறுக்கினோம். "ஒண்ணு", "ஒண்ணு", "ரெண்டு", "ரெண்டு". கல்யாணம் ஆகி இருபது வருஷத்துல நானும் அவரும் சேர்ந்து ஒரு வேலை செஞ்சது அது ஒண்ணுதான். எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? மூஞ்சியெல்லாம் கிரீஸோட அவரு என்னைப் பார்த்து, "பேசாம நீ கம்பெனியை வுட்டுட்டு இங்க வந்துடுமே"ன்னாரு. எனக்கு வெட்கமா போச்சு. உனக்கு நான் சொல்ற முதல் புத்தி இதுதான்: உன் பொண்டாட்டியோட சேர்ந்து ஏதாவது ஒரு வேலை செய்யி. சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறது வேற, அதையும் செய்யி.

மாட்டி முடிச்சது ஆயுத பூஜை அன்னைக்குக் காலையில. இங்கதான் நீ நல்லா கவனிக்கணும். சக்கரத்தைக் கீழே புடிச்சுக்கிற ஆர்ம்னு ஒண்ணு இருக்குல்ல, அதோட உள்பக்க நட்டை வண்டி ஜாக்கியில தொங்கும்போது இறுக்கக் கூடாது. இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டுக் கிழிஞ்சுடும். கையால சும்மா திருகி விட்டுட்டு, வண்டியைத் தரையில இறக்கி, நாலு குலுக்கு குலுக்கி, அது அதோட நிலையில உட்கார்ந்த பிறகுதான் ஷெட்டுக்குள்ள வெட்டி வச்சிருக்கிற பள்ளத்துல இறங்கி, கீழே இருந்து இறுக்கி, கழலாம இருக்க பின்னு ஒண்ணு சொருகணும். நீ படிச்ச பிள்ளை, உனக்குத் தெரியும். உங்க நைனா இடது பக்கம் இறுக்கிட்டாரு. வலது பக்கத்துக்கு வந்தாரு.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். மணி பத்தே கால் ஆச்சு. அக்கம்பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் வந்து நிக்கிறாங்க, பொரி கடலை எடுத்து வச்சாச்சு, ஸ்பானர், சுத்தி, ஜாக்கி எல்லாத்தையும் மண்ணெண்ணெயில கழுவித் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, படத்துக்கு முன்னாடி வாழை இலையில அடுக்கிட்டேன். பெரிய ரிங் ஸ்பானர் ஒண்ணுதான் குறையுது. அது பள்ளத்துக்குள்ள உங்க நைனா கையில. "யோவ், குடுய்யா மேல!"ன்னு கத்தினேன். "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் கீது. ரெண்டு நிமிசம் இருமே"ன்னாரு. "ராகு காலம் வந்துடும், வருஷம் பூரா பொழப்பு நாறிடும், குடு"ன்னு குனிஞ்சு அவரு கையில இருந்து வெடுக்குனு புடுங்கிட்டேன். புடுங்கினேன்டா. அவரு குடுக்கலை. அவரு பள்ளத்துல இருந்து ஏறி வந்து, கையைத் துடைச்சுக்கிட்டு, என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டுக் கற்பூரத்தைக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. சூடம் காட்டின பிறகு அந்தச் சாமானை மறுநாள் மறுபூஜை வரைக்கும் யாரும் தொடக் கூடாது. நம்ம வழக்கம் அது. எல்லாரும் போன பிறகு அவரு என்கிட்ட தெளிவா சொன்னாரு: "வண்டியை யாரும் எடுக்கக் கூடாது. அந்த வலது பக்கத்து நட்டு கையால திருகினதோட கீது. நாளைக்குக் காலையில இறுக்கி, ஓட்டிப் பார்த்துட்டுத்தான் குடுப்பேன்." சரின்னு தலையாட்டினேன். அதுக்கப்புறம்தான் கூட்டாளிங்க வந்து கூப்பிட்டாங்க, குமணன்சாவடிக்குப் போனாரு. அப்பதான் அரசாங்கமே சாராயக் கடையைத் திறந்து வுட்டிருந்த நேரம், ஊரே குடிச்சுது, அவரும் குடிச்சாரு. வேலையை முடிச்சுட்டு, பூஜையை முடிச்சுட்டு, வண்டியைத் தொடாதேன்னு சொல்லிட்டுத்தான் போய்க் குடிச்சாரு. இதை நீ ரெண்டு தரம் படி.

சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டரம்மா பஸ்ஸுல வந்து இறங்கினாங்க. முகமெல்லாம் வேர்வை. நூம்பல்ல ஒரு பொண்ணுக்குக் காலையில இருந்து வலி, பிள்ளை திரும்பலையாம், ஆள் வந்து சொல்லியிருக்கு. "கார் முடிஞ்சுதா?"ன்னு என்னைக் கேட்டாங்க. என்னைத்தான் கேட்டாங்க, அங்க வேற யாரும் இல்லை. நீ ஆவடியில உன் சிநேகிதன் ஊட்டுக்குப் போயிருந்தே. எனக்கு உடனே அந்த நட்டு ஞாபகம் வந்துச்சு. இலை மேல அந்த ரிங் ஸ்பானர் குங்குமப் பொட்டோட படுத்திருக்குது. எடுத்துக்கிட்டுப் பள்ளத்துல இறங்கினா ரெண்டு நிமிஷ வேலை, எனக்கே செய்யத் தெரியும். கையை நீட்டக்கூட நீட்டினேன். பூஜையில வச்சதைத் தொட்டா குடும்பத்துக்கு ஆகாதுன்னு கையை இழுத்துக்கிட்டேன். சாமி மேல பழியைப் போட்டுட்டு இங்கயே நிறுத்திடலாம். ஆனா அது மட்டும் இல்லை கண்ணு. உன்கிட்ட மறைக்க மாட்டேன். நான் செஞ்ச ஸ்ட்ரட்டு அது. அதுல அந்த அம்மா ஓட்டிப் போறதைப் பார்க்கணும்னு எனக்கு ஆசை. ஒன்றரை மாசத்து ஆசை. நூம்பல் என்ன, கூப்பிடு தூரம், மெதுவா போனா ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். "முடிஞ்சுது டாக்டரம்மா, எடுத்துக்கோங்க"ன்னு சாவியைக் குடுத்துட்டேன். வண்டி ரோட்டுல ஏறும்போது சின்னப் பாலத்துப் பள்ளத்துல இறங்கி ஏறிச்சு. ஒரு ஆட்டம் இல்லை. எனக்குப் பெருமை தாங்கலை. வாசல்ல நின்னு சிரிச்சுக்கிட்டே பார்த்துக்கிட்டிருந்தேன்.

மீதி உனக்குத் தெரியும். வேலப்பன்சாவடி கிட்ட வலது சக்கரம் வெளிய சாஞ்சு, வண்டி ரோட்டை விட்டு எகிறி வயல்ல போய் நின்னுது. நூம்பல் பொண்ணுக்கு அங்க இருந்த மருத்துவச்சியே எப்படியோ பிரசவம் பார்த்துட்டா, தாயும் பிள்ளையும் நல்லா இருந்தாங்க, அது அந்த அம்மன் புண்ணியம். டாக்டரம்மாவுக்கு வலது மணிக்கட்டு ரெண்டா போச்சு. அதுக்கப்புறம் அவங்க ஆபரேஷன் கத்தியைத் தொடவே இல்லை. சேதி கேட்டு நான் வயலுக்கு ஓடினேன். நீ ஆவடியில இருந்து திரும்பி வர்றதுக்கும், உங்க நைனா குமணன்சாவடியில இருந்து ஓடி வர்றதுக்கும் சரியா இருந்துச்சு. வயல்ல அம்பது பேர் கூட்டம். அவரு குனிஞ்சு வண்டிக்கு அடியில பார்த்தாரு. போல்ட் இருந்த இடம் வெறும் ஓட்டையா இருந்துச்சு. நிமிர்ந்து என்னைப் பார்த்தாரு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள கூட்டத்தைப் பார்த்து, "என் தப்புதான். நான்தான் இறுக்காம வுட்டுட்டேன்"னு சொல்லிட்டாரு. அவரு மேல சாராய வாடை. நீ என்ன பேசினேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? "குடிகாரப் பையா, ஒரு நட்டை இறுக்கத் துப்பில்லை, உன்னை இனிமே நைனான்னு கூப்பிட்டா என்னைச் செருப்பால அடி"ன்னே. அம்பது பேர் முன்னாடி. பெத்த அப்பனைப் பையான்னே. நான் அங்கதான்டா நின்னேன். உன் பக்கத்துல நின்னேன். வாயில கொழுக்கட்டை வச்சவளாட்டம் நின்னேன்.

அன்னைக்கு ஊட்டுக்கு வந்து அவரு காலைப் புடிச்சுக்கிட்டு அழுதேன். "நாளைக்கே அவன்கிட்ட சொல்லிடுறேன், டாக்டரம்மாகிட்டயும் சொல்லிடுறேன்"னேன். அவரு சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுறேன், ஒரு எழுத்து மாத்தலை: "சொல்லாதே. அவனுக்கு என் மேல ஒருத்தன் மேல கோவம் இருந்தா போதும். உன் மேலயும் வந்துட்டா அவன் யார்கிட்ட போவான்? அவனுக்கு ஒரு ஆளாவது வேணும்." நீ மறு மாசமே புனேவுக்கு வேலைக்குப் போயிட்டே. ஷெட்டுக்கு ஒரு வண்டி வரலை. குடிச்சுட்டு நட்டை வுடுறவன்கிட்ட எவன் வண்டியை வுடுவான்? ஷெட்டைக் குடுத்துட்டு அம்பத்தூருக்கே குடி வந்தோம். இப்ப அவரு எஸ்டேட்ல ஒரு கம்பெனி கேட்ல வாட்ச்மேன். லாரி உள்ள வரும்போது சத்தத்தைக் கேட்டே "தம்பி, உன் கியர்பாக்ஸை ஒரு தரம் காட்டிடு"ன்னு டிரைவர்கிட்ட சொல்லுவாராம். வாட்ச்மேன் சொல்றதை யார் காதுல போட்டுக்குவாங்க? ஆனா ரெண்டு பேர் திரும்ப வந்து, "நீ சொன்னது சரிதான் அண்ணாத்தே"ன்னாங்களாம். அதைச் சொல்லும்போது அவரு மூஞ்சியைப் பார்க்கணும் நீ. அன்னைக்கு ஒரு நாள் தவிர அவரு குடிச்சதே இல்லை, அதுக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி. இது உனக்குத் தெரியணும்.

அவரு சொல்லாதேன்னாரு, அதனால சொல்லலைன்னு நான் சொன்னா அதுவும் பொய். முதல் மாசம் பயம். போலீஸ் வருமோ, கம்பெனியில துரத்திடுவாங்களோன்னு. அப்புறம் உன் லெட்டர் வர ஆரம்பிச்சுது. "அம்மா, நீ ஒருத்திதான் எனக்கு"ன்னு எழுதுவே. படிச்சுப் படிச்சு எனக்கு அதுல ஒரு சுகம் வந்துடுச்சு. ஊட்ல நல்லவ நான் ஒருத்தி, கெட்டவர் அவர் ஒருத்தர். நீ அனுப்புற புடவையைக் கட்டிக்கிட்டு அவரு முன்னாடியே நடந்திருக்கேன். "நல்லா கீதுமே"ன்னு சொல்லுவாரு. இப்ப நினைச்சா உடம்பே கூசுது. நீயும் உன் பொண்டாட்டியும் சண்டை போடுங்க, தப்பு செய்யுங்க, யார்தான் செய்யலை. ஆனா செஞ்ச அன்னைக்கே வாயைத் திறந்து சொல்லிடுங்க. மறுநாள்னு தள்ளிப் போட்டா அது தள்ளிக்கிட்டேதான் போகும். ரெண்டு நிமிசம் இருன்னு அவ சொன்னா இரு. அவ கையில இருக்கிறதைப் புடுங்காதே.

உன் லெட்டர் வந்த மறுநாள் ஆவடிக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். இப்ப நர்ஸு பொண்ணுங்களுக்குப் பாடம் நடத்துறாங்க. எல்லாத்தையும் சொன்னேன். அவங்க பொறுமையா கேட்டுட்டு, "முடிஞ்சுதான்னு நான் கேட்டது உன்னைத்தானே? எடுத்துக்கோங்கன்னு சொன்னதும் நீதானே? எனக்குக் கைதான் உடைஞ்சுது, காது நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க. ஆறு வருஷமா தெரிஞ்சுதான் இருந்திருக்காங்க. "அப்ப ஏம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கலை?"ன்னேன். "உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து கேக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. பையன் தனியாயிடுவான்னாரு. ஆனா அவனுக்குக் கல்யாணம்னா இனிமே அவன் தனி இல்லையே. நீ சொல்லிடு"ன்னாங்க. கார் இன்னும் ஓடுதாம். வேற யாரோ ரிப்பேர் பண்ணாங்களாம், ஆனா ஸ்ட்ரட் ரெண்டும் அதேதான். ஒரு சொட்டு ஒழுகலைன்னு சொன்னாங்க. அந்த நேரத்துலயும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சு பாரு, என்னை என்ன சொல்றது.

உங்க நைனாகிட்ட உன் லெட்டரை நான் காட்டலை. தேதி குறிச்சாச்சுன்னு மட்டும் சொன்னேன். எங்களைக் கூப்பிட்டிருக்கானான்னு அவரு கேக்கவே இல்லை. நேத்து ட்யூட்டி முடிஞ்சு சென்ட்ரலுக்குப் போய் பம்பாய் மெயில்ல டிக்கெட் எடுத்துக்கிட்டு வந்தாரு. ஒரே டிக்கெட். என் பேருக்கு. "ஜன்னல் சீட்டு கேட்டேன்மே. குண்டக்கல்லுல இட்லி வாங்காதே, வயித்துக்கு ஆவாது. போட்டோ புடிச்சா அவன் நல்லா நிமிர்ந்து நிக்கிறாப்பல ஒண்ணு கொண்டா"ன்னாரு. அவ்வளவுதான்டா சொன்னாரு. சொல்லிட்டு, சைக்கிளைத் துடைக்கிறவராட்டம் ரொம்ப நேரம் வெளிய உட்கார்ந்துக்கிட்டிருந்தாரு.

காலையில அந்த டிக்கெட்டை நான் கொண்டுபோய் மாத்திட்டேன். இப்ப அது அவர் பேர்ல இருக்கு. நல்லா யோசிச்சுத்தான் செஞ்சேன். அன்னைக்குத் தப்பு செஞ்சவங்க உன் கல்யாணத்துக்கு வரக் கூடாதுன்னா, வரக் கூடாதவ நான்தான். நான் இங்க இருக்கேன். எனக்கு அழுகை வரும், வந்தா அழுதுக்கிறேன், அதைப் பத்தி நீ கவலைப்படாதே. ரெண்டு பேரும் வேணும்னு உனக்குத் தோணிச்சுன்னா ஓடி வந்துடுறேன், நின்னுக்கிட்டே ரயில்ல வர்றேன். ஆனா அவர் இல்லாம நான் அந்த மேடையில ஏற மாட்டேன். இது சத்தியம். என் தம்பியை என் பக்கத்துல நிறுத்தணும்னு சொன்னியே, மேடைக்கு வர வேண்டாம், வேட்டியை மடிச்சு உள்ள வச்சுடுன்னு அவன்கிட்டயும் சொல்லிட்டேன்.

நீ கூப்பிடாம அவரு ரயில் ஏற மாட்டாரு. டிக்கெட்டைக் காட்டினா கிழிச்சுப் போட்டாலும் போடுவாரு, அவ்வளவு ரோஷம். அதனால இந்த லெட்டருக்கு எனக்குப் பதில் போடாதே. என்னைத் திட்டணும்னா அப்புறமா நேர்ல திட்டு, வாங்கிக்கிறேன், எனக்கு அது வேணும். இப்ப அவர் பேருக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் போடு. மேல நைனான்னு எழுது. அதுக்குக் கீழ என்ன எழுதுறதுன்னு தெரியலைன்னா ஒண்ணும் எழுதாதே, வெறுமனே ஒட்டி அனுப்பிடு. அவருக்கு அது போதும்.

அம்மா